14 ஆட்டம் வென்றும் ஒன்பதாவது இடம்: எசண்டனின் 2013 சீசனில் நடந்தது என்ன?

ஆஸ்திரேலியன் ஃபுட்பால் லீக் எனப்படும் ஏ.எஃப்.எல்.-இன் 2013-ஆம் ஆண்டுப் புள்ளிப் பட்டியலைப் பார்க்கிற யாருக்கும் ஒரு இடத்தில் கண் நின்றுவிடும். எட்டாவது இடத்தில் கார்ல்டன்: 11 வெற்றி, 11 தோல்வி. அதற்குக் கீழே ஒன்பதாவது இடத்தில் எசண்டன்: 14 வெற்றி, 8 தோல்வி. மூன்று ஆட்டம் கூடுதலாக வென்ற அணி கீழே கிடக்கிறது. அச்சுப் பிழை எதுவும் இல்லை. அந்த ஆண்டு எசண்டன் உண்மையில் ஏழாவதாக வந்தது. முதல் எட்டு அணிகளுக்குத்தான் செப்டம்பரில் நடக்கும் இறுதிச் சுற்றில் இடம். அந்த எட்டுக்குள் எசண்டனை விடுவதில்லை என்று லீக் நிர்வாகம் முடிவெடுத்து, அணியை ஒன்பதாவது இடத்துக்குத் தள்ளியது. காரணம், அதற்கு முந்தைய ஆண்டு அந்த கிளப் தன் வீரர்களுக்குப் போட்ட ஊசிகள்.

அந்த ஊசிகளில் என்ன இருந்தது என்று இன்றுவரை எவராலும் ஆவணத்தைக் காட்டிச் சொல்ல முடியவில்லை. விசாரணை, தீர்ப்பாயம், மேல்முறையீடு, சுவிட்சர்லாந்து நீதிமன்றம் என்று நான்கு ஆண்டு இழுத்த இந்த விவகாரத்தில் எல்லாச் சிக்கலும் அந்த ஒரு இடத்திலிருந்துதான் கிளம்பியது. ஊக்கமருந்து எடுத்தார்களா இல்லையா என்றுதான் பெரும்பாலும் வாதம் நடந்தது. ஆனால் தங்களை நம்பி உடம்பைக் கொடுத்த இளைஞர்களுக்கு என்ன ஏற்றினோம் என்று எழுதிவைக்கக்கூட அந்த கிளப்பில் ஆள் இல்லாமல் போனதே, அதுதான் முதல் குற்றம், பெரிய குற்றமும் அதுதான் என்பது என் கருத்து.

இந்த ஆட்டத்தைப் பார்த்திராதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியன் ரூல்ஸ் ஃபுட்பால் பெரிய நீள்வட்ட மைதானத்தில், பெரும்பாலும் கிரிக்கெட் ஆடும் மைதானத்திலேயே, முட்டை வடிவப் பந்தை வைத்து அணிக்கு 18 பேர் ஆடுவது. உதைக்கலாம், மூடிய கையால் குத்தித் தள்ளலாம், எறியக் கூடாது. நடுக்கள வீரர் ஒரு ஆட்டத்தில் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் ஓடுவார், நடுநடுவே முழு வேகத்தில் மோதுவார், விழுவார், எழுவார். அடுத்த வாரம் மறுபடியும் அதே. ஆகவே யார் சீக்கிரம் தேறி எழுகிறார்களோ அவர்கள் பக்கம்தான் காற்று அடிக்கும்.

ஏ.எஃப்.எல். லீகில் 18 அணிகள். எல்லா அணிக்கும் ஒரே சம்பள உச்சவரம்பு. புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்டில் கடைசியாக வந்த அணிக்குத்தான் முதல் வாய்ப்பு. பணக்கார கிளப் என்பதற்காக ஆளை விலைக்கு வாங்கிக் குவிக்க முடியாது. அப்படியிருக்க, மற்றவர்களை முந்த விரும்புகிற கிளப்புக்கு மிஞ்சியிருந்த வழிகளில் ஒன்று விளையாட்டு அறிவியல். 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் எல்லா கிளப்பும் அந்தப் பக்கம் பணத்தைக் கொட்டின. உடற்பயிற்சி நிபுணர்களுக்குப் பயிற்சியாளர்களுக்கு நிகரான மவுசு வந்தது. எசண்டன் தனியாக விழுந்த பள்ளம் இல்லை இது. எல்லாரும் ஓடிக்கொண்டிருந்த பாதையில் அது எல்லாரையும்விட வேகமாக, கண்ணை மூடிக்கொண்டு ஓடியது.

மெல்பர்னின் வடமேற்குப் புறநகரைச் சேர்ந்த எசண்டன், சிவப்பும் கறுப்புமான சட்டைக்காரர்கள், 16 முறை சாம்பியன். கடைசிக் கோப்பை 2000-இல். அந்தக் கோப்பையின் தலைவர் ஜேம்ஸ் ஹர்ட். இறுதி ஆட்டத்தின் சிறந்த வீரரும் அவரே. எசண்டன் ரசிகர்களுக்கு அவர் வெறும் முன்னாள் வீரர் இல்லை, குலதெய்வம் மாதிரி. அணி சரிந்துகொண்டிருந்த நேரத்தில், 2010 கடைசியில், அவரையே பயிற்சியாளராகக் கொண்டுவந்தார்கள். தலைமைப் பயிற்சியாளராக முன்அனுபவம் கிடையாது. துணைக்கு ஜீலாங் அணிக்கு இரண்டு கோப்பை வாங்கித் தந்த மார்க் தாம்சன் வந்தார். 2011 கடைசியில் டீன் ராபின்சன் என்பவர் உடற்திறன் பிரிவுக்குப் பொறுப்பேற்றார். அவர் வழியாக உள்ளே வந்தவர் ஸ்டீபன் டேங்க், சிட்னியில் ரக்பி லீக் கிளப்புகளோடு வேலை செய்த விளையாட்டு அறிவியலாளர்.

2012 பிப்ரவரியில் வீரர்கள் ஒரு ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்கள். இந்த விவகாரத்தில் கையில் பிடித்துப் பார்க்கக் கிடைக்கிற காகிதங்கள் மிகக் குறைவு. அதில் இது முக்கியமானது. படிவத்தில் நான்கு பொருள்கள். ஏ.ஓ.டி.-9604, தைமோசின், கொலஸ்ட்ரம் என்ற சீம்பால், டிரிபியூலஸ் என்ற மூலிகைச் சத்து. இவற்றில் தைமோசினை வாரம் ஒரு ஊசி வீதம் ஆறு வாரம், அப்புறம் மாதம் ஒன்று என்று போட்டிருந்தது. எல்லாமே உலக ஊக்கமருந்துத் தடுப்பு விதிகளுக்கு உட்பட்டவை என்ற உறுதிமொழியும் இருந்தது. வீரர்கள் நம்பிக் கையெழுத்திட்டார்கள்.

சரி, தைமோசின் என்றால் எந்தத் தைமோசின்? அந்தப் பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட பொருள்கள் இருக்கின்றன. தைமோசின் ஆல்ஃபா ஒன்று, தைமோமாடுலின் இன்னொன்று, தைமோசின் பீட்டா-4 மற்றொன்று. முதல் இரண்டும் அன்றைய தடைப் பட்டியலில் இல்லை. மூன்றாவது, திசுக்கள் சீக்கிரம் ஆறுவதற்காகப் பேசப்பட்ட பெப்டைடு, தடை செய்யப்பட்டது. படிவத்தில் வெறும் தைமோசின் என்று மட்டும் இருந்தது. கையெழுத்திட்டவர்களில் பலர் இருபதைத் தொட்டும் தொடாததுமாக இருந்த பையன்கள். எந்தத் தைமோசின் என்று கேட்க வேண்டும் என்று அவர்களுக்கு எப்படித் தோன்றும்? கேட்டிருக்க வேண்டியவர் கிளப்பின் மருத்துவர்.

அவர் கேட்கவும் செய்தார் என்பதுதான் வேதனை. பல ஆண்டுகளாக எசண்டனின் மருத்துவராக இருந்த புரூஸ் ரீட், 2012 ஜனவரியிலேயே ஹர்ட்டுக்கும் கிளப்பின் ஆட்டப் பிரிவு மேலாளருக்கும் ஒரு கடிதம் எழுதினார். தனக்குத் தெரியாமலே வீரர்களுக்குப் பொருள்கள் கொடுக்கப்படுவதாகவும், இந்த நிலையில் மருத்துவராக இருப்பதே தனக்குச் சங்கடமாக இருப்பதாகவும், மருந்து கலவாத வழியில்தான் கோப்பை வெல்ல வேண்டும் என்பது தன் நம்பிக்கை என்றும் அதில் இருந்தது. அதற்குப் பிறகும் ஊசிகள் நிற்கவில்லை. கிளப்புக்கு உள்ளே மட்டுமல்ல, வெளியே தனியார் நிலையங்களிலும் போடப்பட்டன. டேவிட் ஜாக்கராக்கிஸ் என்ற நடுக்கள வீரர் மட்டும் ஊசி என்றாலே பயம் என்று சொல்லி விலகிக்கொண்டார். அந்தப் பயம் பின்னால் அவருடைய ஆட்ட வாழ்க்கையின் ஒரு முழு ஆண்டைக் காப்பாற்றியது.

களத்தில் 2012 எப்படிப் போனது என்றால், எசண்டன் முதல் ஒன்பது ஆட்டங்களில் எட்டை வென்றது. பிறகு தசைக் காயங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, அணி சரிந்து 11-வது இடத்தில் முடிந்தது. அந்தச் சரிவுக்கு நடுவிலும் அணித் தலைவர் ஜோப் வாட்சன் லீகின் மிக உயர்ந்த தனிநபர் விருதான பிரவுன்லோ பதக்கத்தை வென்றார். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் நடுவர்கள் மூன்று வீரர்களுக்கு மூன்று, இரண்டு, ஒன்று என்று வாக்களிப்பார்கள். அந்த வாக்குகளைக் கூட்டி இந்தப் பதக்கம் தருவார்கள். வாட்சனுக்கு 30 வாக்கு. அடுத்து 26 வாக்குகளோடு இருவர்: ஹாதர்னின் சாம் மிட்செல், ரிச்மண்டின் ட்ரென்ட் காட்சின். இந்தப் பெயர்கள் மறுபடியும் வரும்.

2013 பிப்ரவரி 5 அன்று, கிளப்பின் தலைவர் டேவிட் எவன்ஸ், தலைமை நிர்வாகி இயன் ராப்சன், பயிற்சியாளர் ஹர்ட் மூவரும் செய்தியாளர்கள் முன் வந்து உட்கார்ந்தார்கள். முந்தைய ஆண்டில் வீரர்களுக்கு என்ன கொடுக்கப்பட்டது என்பதில் தங்களுக்கே கவலை இருக்கிறது, விசாரியுங்கள் என்று தாங்களே லீகிடமும் அன்றைய ஆஸ்திரேலிய ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான அசாடாவிடமும் கேட்டிருப்பதாகச் சொன்னார்கள். இரண்டு நாள் கழித்து கான்பெராவில் ஆஸ்திரேலியக் குற்றத் தடுப்பு ஆணையத்தின் அறிக்கை வந்தது. திட்டமிட்ட குற்றக் கும்பல்களும் தடை செய்யப்பட்ட மருந்துகளும் விளையாட்டுக்குள் புகுந்திருப்பதாக அமைச்சர்கள் அறிவித்தார்கள். அசாடாவின் முன்னாள் தலைவர் ஒருவர் அதை ஆஸ்திரேலிய விளையாட்டின் கறுப்பு நாள் என்றார். எல்லா விளையாட்டுக்கும் பொதுவான அறிக்கைதான். ஆனால் பெயர் வெளியே வந்திருந்தது எசண்டனுக்கு.

இந்தச் சூழ்நிலையில்தான் சீசன் தொடங்கியது. வியப்பு என்னவென்றால் எசண்டன் வென்றுகொண்டே போனது. முதல் ஆறு ஆட்டமும் வெற்றி. ஏப்ரல் 25 அன்று மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்தில் நடக்கும், போர் வீரர்களை நினைவுகூரும் அன்சாக் தின ஆட்டத்தில் காலிங்வுட்டையும் வீழ்த்தியது. வாரநாளில் புலனாய்வாளர்கள் முன் வாக்குமூலம், வாரக்கடைசியில் ஆட்டம் என்று வீரர்கள் வாழ்ந்தார்கள். மே மாதம், கிளப்பே அமர்த்திய ஜிக்கி ஸ்விட்கௌஸ்கி தன் அறிக்கையைத் தந்தார். பெரிய நிறுவனங்களை நடத்திப் பழகியவர் அவர். அதனாலேயே நிர்வாகம் எங்கே கைவிட்டது என்பது அவருக்குச் சட்டென்று தெரிந்திருக்க வேண்டும். மருந்துப் பொருள்களைச் சோதித்துப் பார்க்கும் ஒரு சூழல் கிளப்புக்குள் உருவாகியிருந்தது, அதை யாரும் சரிவரக் கட்டுப்படுத்தவில்லை, கேள்வி கேட்கவில்லை, பதிவு செய்யவும் இல்லை என்பது அவர் கண்டது. ராப்சன் பதவி விலகினார்.

ஜூன் கடைசியில் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் வாட்சனிடம் நேரடியாகவே கேட்டார்கள்: ஏ.ஓ.டி.-9604 உங்களுக்குக் கொடுக்கப்பட்டதா? கொடுக்கப்பட்டதாகத்தான் நம்புகிறேன், அனுமதிக்கப்பட்டது என்று சொல்லித்தான் கொடுத்தார்கள் என்றார் அவர். மறைக்க எத்தனையோ வழி இருந்தது. வழக்கறிஞர் சொல்லிக்கொடுத்த ஒற்றை வரியை ஒப்பித்துவிட்டுப் போயிருக்கலாம். உள்ளதைச் சொன்னார். அடுத்து அணி பெர்த் நகரத்துக்குப் போனபோது பந்து அவர் கைக்கு வரும்போதெல்லாம் அரங்கம் கூச்சலிட்டது. இவ்வளவு பெரிய விவகாரத்தில் பொதுவெளியில் நேராகப் பதில் சொன்ன ஒருவருக்குக் கிடைத்த மரியாதை அது. ஏ.ஓ.டி. கொழுப்பைக் குறைப்பதற்காக ஆராய்ச்சி நிலையில் இருந்த ஒரு பொருள். எந்த நாட்டிலும் மனித மருத்துவத்துக்கு அனுமதி பெறவில்லை என்பதால் அதுவும் தடைக்குள்தான் அடங்கும் என்று உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான வாடா அந்த ஆண்டு ஏப்ரலில் சொன்னது. ஆனால் 2012-இல் அதன் நிலை என்ன என்பதில் அதிகாரிகள் தரப்பிலேயே குழப்பம் இருந்ததால், பின்னால் வந்த வழக்கில் ஏ.ஓ.டி. சேர்க்கப்படவே இல்லை. வாட்சனைக் கூவி அவமானப்படுத்தியது எந்தப் பொருளுக்காகவோ, அந்தப் பொருளுக்காக ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

ஜூலை கடைசியில் எவன்ஸும் பதவி விலகினார். பால் லிட்டில் தலைவரானார். அதே வாரத்தில் தொடங்கி அணி அடுத்தடுத்துத் தோற்றது. ஆகஸ்டில் லீக் நிர்வாகம் ஆட்டத்தின் பெயரைக் கெடுத்ததாக கிளப் மீதும், ஹர்ட், தாம்சன், மேலாளர் டேனி கோர்கரன், மருத்துவர் ரீட் ஆகியோர் மீதும் குற்றம் சாட்டியது.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. இது ஊக்கமருந்துக் குற்றச்சாட்டு இல்லை. அதை நிரூபிக்க அசாடாவின் விசாரணை முடிய வேண்டும். அன்று கையில் இருந்தது இடைக்கால அறிக்கைதான். ஆனால் செப்டம்பர் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. குற்றச்சாட்டோடு ஒரு அணி இறுதிச் சுற்றில் ஆடி, தப்பித்தவறி கோப்பையும் வென்றுவிட்டால் லீகின் முகம் என்ன ஆகும்? அதனால் நிர்வாகக் கோளாறு என்ற தலைப்பில் வழக்கை முன்கூட்டியே முடிக்கப் பார்த்தார்கள். இரண்டு நாள் பேச்சுவார்த்தைக்குப் பிறகு ஆகஸ்ட் 27 இரவு உடன்பாடு அறிவிக்கப்பட்டது. கிளப்புக்கு 20 லட்சம் டாலர் அபராதம், லீகின் வரலாற்றிலேயே மிகப் பெரியது. அந்த ஆண்டு இறுதிச் சுற்றில் இடமில்லை. டிராஃப்ட்டில் முன்வரிசைத் தேர்வுகள் பறிபோயின. ஹர்ட்டுக்கு 12 மாதத் தடை, தாம்சனுக்கு 30,000 டாலர் அபராதம், கோர்கரனுக்கும் தடை. ரீட் மட்டும் ஒத்துக்கொள்ள மறுத்து எதிர்த்து நின்றார். கொஞ்ச நாளில் அவர் மீதான குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. கடிதம் எழுதி எச்சரித்த ஒரே மனிதரையும் மற்றவர்களோடு சேர்த்துக் குற்றவாளியாக்கப் பார்த்ததை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை.

எசண்டன் ஒன்பதாவது இடத்துக்குப் போனதும் மற்றவர்களின் தலைவிதியும் மாறியது. போர்ட் அடிலெய்டு ஏழாவது, கார்ல்டன் எட்டாவது என்று ஒரு படி மேலே ஏறின. எசண்டன் ஏழாவது இடத்திலேயே இருந்திருந்தால் ஐந்தாவதாக வந்த ரிச்மண்ட் போர்ட் அடிலெய்டோடு மோதியிருக்கும். இப்போது பழைய பகையாளியான கார்ல்டனோடு மோத வேண்டி வந்தது. ரிச்மண்ட் ரசிகர்கள் 2001-க்குப் பிறகு முதல் இறுதிச் சுற்று ஆட்டத்துக்காகக் காத்திருந்தவர்கள். 90,000 பேருக்கு மேல் நிரம்பிய மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்தில், முன்னிலையில் இருந்தும் 20 புள்ளி வித்தியாசத்தில் தோற்றார்கள். தோற்கடித்தது, பட்டியலை யாரும் திருத்தியிருக்காவிட்டால் அன்று வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டிய அணி. எங்கோ ஒரு அறையில் பதிவேடு எழுதாமல் விட்டதன் பாரம் இப்படி, சம்பந்தமே இல்லாதவர்கள் தலையிலும் இறங்கியது.

அந்த உடன்பாட்டோடு எல்லாம் முடிந்துவிடும் என்று லீக் எதிர்பார்த்தது. நடக்கவில்லை. காரணம் எளிது. 2005-இல் மத்திய அரசின் நெருக்குதலுக்குப் பிறகு ஏ.எஃப்.எல். உலக ஊக்கமருந்துத் தடுப்பு விதிகளை ஏற்றுக்கொண்டிருந்தது. அதற்கு முன் தன் வீட்டுப் பிரச்சினையைத் தானே பேசித் தீர்த்துப் பழகிய லீக் இது. ஆனால் வாடாவின் விதிகளில் பேரத்துக்கு இடமில்லை. உன் உடம்புக்குள் போவதற்கு நீயே பொறுப்பு. யார் சொன்னார்கள், எதை நம்பினாய் என்பது தண்டனையைக் குறைக்க உதவலாம், குற்றத்தை இல்லாமல் ஆக்காது. ஒலிம்பிக் ஓட்டக்காரர்களை மனதில் வைத்து வளர்ந்த சட்டம். தனக்கென்று பயிற்சியாளரையும் மருத்துவரையும் தானே அமர்த்திக்கொள்கிற தனி வீரருக்கு அது பொருந்தும். கிளப் சொல்கிற நேரத்தில் எழுந்து, கிளப் தருவதைத் தின்று, கிளப் நீட்டுகிற படிவத்தில் கையெழுத்திடுகிற 20 வயது குழு வீரருக்கு அதே அளவுகோலைப் பிடிக்கும்போது அது இடறத்தான் செய்யும்.

2014 ஜூனில் 34 வீரர்களுக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் போனது. குற்றச்சாட்டு: 2012-இல் தைமோசின் பீட்டா-4. ஹர்ட்டும் கிளப்பும் வேறு வழியில் போனார்கள். லீகும் அசாடாவும் சேர்ந்து நடத்திய விசாரணையே செல்லாது என்று கூட்டாட்சி நீதிமன்றத்தில் வாதிட்டார்கள். வாதத்தில் கொஞ்சம் சாரம் இருந்தது. விசாரணை தொடங்கியபோது அசாடாவுக்கு யாரையும் கட்டாயப்படுத்திப் பேசவைக்கும் அதிகாரம் இல்லை. லீகுக்கு ஒப்பந்தம் வழியாக அந்த அதிகாரம் இருந்தது. ஒருவர் பிடித்துக்கொள்ள இன்னொருவர் கேள்வி கேட்டதுபோல ஆகிவிட்டது. ஆனாலும் நீதிபதி ஜான் மிடில்டன் 2014 செப்டம்பரில் கூட்டு விசாரணை சட்டப்படியானதுதான் என்று தீர்ப்பளித்தார். ஹர்ட்டின் மேல்முறையீடும் தோற்றது. தடைக் காலத்தில் அவர் பிரான்சில் ஒரு மேலாண்மைப் பள்ளியில் படித்துவிட்டு வந்து மறுபடியும் பயிற்சியாளர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கிளப் அவருக்குச் சம்பளத்தை நிறுத்தவில்லை.

2015 மார்ச் 31 அன்று ஏ.எஃப்.எல். ஊக்கமருந்துத் தடுப்புத் தீர்ப்பாயம் 34 பேரும் குற்றவாளிகள் இல்லை என்றது. அவர்கள் வழக்கை ஒவ்வொரு கண்ணியாகப் பார்த்தார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த பொடி உண்மையிலேயே தைமோசின் பீட்டா-4 தானா? அதுதான் மருந்தாளரிடம் போய் ஊசி மருந்தானதா? அதுதான் டேங்க் கைக்கு வந்ததா? அதுதான் இன்னின்ன வீரருக்குப் போடப்பட்டதா? முக்கியச் சாட்சிகள் தீர்ப்பாயத்துக்கு வரவே மறுத்தார்கள். டேங்க் வரவில்லை, தடை செய்யப்பட்ட எதையும் கொடுக்கவில்லை என்று வெளியில் சொன்னதோடு சரி. எந்த வீரரின் பரிசோதனையிலும் ஒன்றும் சிக்கவில்லை. பதிவேடு இல்லை. முதல் கண்ணியிலேயே திருப்தி இல்லை என்று தீர்ப்பாயம் நிறுத்திக்கொண்டது.

வாடா விடவில்லை. வழக்கு லொசானைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போனது. 2015 நவம்பரில் சிட்னியில் விசாரணை. 2016 ஜனவரி 12 காலையில் ஆஸ்திரேலியா விழித்தபோது தீர்ப்பு தலைகீழாகியிருந்தது. 34 பேரும் குற்றவாளிகள், ஆளுக்கு இரண்டு ஆண்டுத் தடை.

ஒரே சாட்சியத்தை வைத்துக்கொண்டு இரண்டு மன்றங்கள் எதிரெதிர் முடிவுக்கு எப்படி வந்தன? அளவுகோல் இரண்டிலும் ஒன்றுதான், மன்றத்துக்குத் திருப்தி ஏற்பட வேண்டும் என்பது. எடை போட்ட விதம் வேறு. சாட்சியங்களைச் சங்கிலியின் கண்ணிகளாகப் பார்க்காதீர்கள், ஒரு வடத்தின் புரிகளாகப் பாருங்கள் என்று வாடா வாதிட்டது. ஒரு கண்ணி போனால் சங்கிலி போயிற்று. ஒரு புரி அறுந்தாலும் வடம் தாங்கும். மன்றம் அதை ஏற்றது. டேங்க்கின் குறுஞ்செய்திகள், ஒப்புதல் படிவம், ஊசி அட்டவணை, அந்த அட்டவணை எந்தத் தைமோசினுக்குப் பொருந்தும் என்பது, வீரர்கள் சொன்னது எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்தது.

வீரர்களை மிகவும் பாதித்தது ஒரு சாதாரணப் படிவம். ஊக்கமருந்துச் சோதனைக்குப் போகும்போது, கடந்த ஏழு நாளில் எடுத்துக்கொண்ட மருந்து, சத்துப்பொருள் எல்லாவற்றையும் எழுதச் சொல்வார்கள். அந்தச் சீசனில் சோதனைக்குப் போன எசண்டன் வீரர்களில் ஒருவர்கூடத் தைமோசின் ஊசி என்று எழுதவில்லை. வைட்டமினை எழுதுகிறவர் ஊசியை ஏன் எழுதவில்லை? அனுமதிக்கப்பட்டது என்று உண்மையிலேயே நம்பியிருந்தால் எழுதுவதில் என்ன தயக்கம்? மன்றம் இதை ரகசியத்தின் அடையாளமாக எடுத்துக்கொண்டது. கிளப்பின் சொந்த மருத்துவரான ரீட்டிடம் அவர்கள் போய்க் கேட்கவில்லை என்பதும் அவர்களுக்கு எதிராகப் போனது. எனக்கு இது உறுத்துகிறது, ஆனால் பதில் இல்லாத கேள்வி என்று சொல்ல மாட்டேன். வெளியே பேசாதே, இது நம் அணியின் பலம் என்று சொல்லிப் பழக்கப்பட்ட இடத்தில் ஒரு இளைஞன் எழுதாமல் விடுவது பொய் சொல்வதாகாது. அதே சமயம் 34 பேரில் அனுபவம் வாய்ந்த மூத்த வீரர்களும் இருந்தார்கள். அவர்களில் ஒருவருக்காவது ரீட்டின் அறைக் கதவைத் தட்டத் தோன்றியிருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

மன்றத்தின் தீர்ப்பு சட்டப்படி நிற்கக்கூடியது என்றுதான் நினைக்கிறேன். சுவிஸ் கூட்டாட்சி நீதிமன்றமும் 2016 அக்டோபரில் வீரர்களின் முறையீட்டைத் தள்ளிவிட்டது. ஆனால் பதிவேடு இல்லாத குறை 2015-இல் வீரர்களைக் காப்பாற்றியது, 2016-இல் அவர்களையே கவிழ்த்தது. என்ன போட்டார்கள் என்று ஒரு நோட்டுப் புத்தகம் இருந்திருந்தால், நிரபராதிகள் முதல் மாதமே நிரூபித்திருப்பார்கள், தவறு நடந்திருந்தால் யார் செய்தது என்று அன்றே தெரிந்திருக்கும்.

முன்பே அனுபவித்த இடைக்காலத் தடையைக் கழித்துப் பார்த்தால் 2016 சீசன் முழுவதும் போயிற்று. எசண்டனில் அப்போது இருந்த 12 பேர், வேறு கிளப்புகளுக்குப் போயிருந்த ஐந்து பேர். மற்றவர்கள் ஏற்கெனவே ஆட்டத்தை விட்டிருந்தார்கள். எசண்டன் பத்து வீரர்களைத் தற்காலிகமாகச் சேர்த்துக்கொண்டு ஜான் வோர்ஸ்ஃபோல்ட் பயிற்சியில் ஆடியது. மூன்றே வெற்றி, 1933-க்குப் பிறகு முதல் முறையாகக் கடைசி இடம். ஹர்ட் 2015 ஆகஸ்டிலேயே, அடிலெய்டிடம் 112 புள்ளி வித்தியாசத்தில் தோற்ற பிறகு விலகியிருந்தார். டேங்க்குக்கு ஏ.எஃப்.எல். தீர்ப்பாயம் வாழ்நாள் தடை விதித்திருந்தது. பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கிளப்புக்கு 2 லட்சம் டாலர் அபராதம் விழுந்தது. இத்தனை தீர்ப்புகளில், ஊழியர்களைப் பாதுகாப்பாக வைத்திருக்கத் தவறியது முதலாளி என்று நேரடியாகச் சொன்னது அந்தக் கடைசித் தீர்ப்புதான். அதற்குக் கிடைத்த கவனம் மிகக் கொஞ்சம்.

ஸ்டூவர்ட் க்ராமெரி 2013 முடிவில் எசண்டனை விட்டு வெஸ்டர்ன் புல்டாக்ஸ் போனவர். 2016-இல் அந்த அணி 1954-க்குப் பிறகு முதல் முறையாகக் கோப்பை வென்றது. க்ராமெரி தடையில் இருந்தார். அதற்கு மறுநாள் சிட்னியில் ரக்பி லீக் இறுதி ஆட்டம். க்ரோனுல்லா தன் வரலாற்றில் முதல் கோப்பையைத் தூக்கியது. க்ரோனுல்லாதான் 2011-இல் டேங்க் வேலை செய்த கிளப்புகளில் ஒன்று. அந்த ஆண்டு அங்கே ஆடிய வீரர்கள் பலர் 2014-இல் அசாடாவோடு உடன்பாட்டுக்கு வந்து 12 மாதத் தடையை ஒப்புக்கொண்டார்கள். முன்தேதியிட்ட தடை என்பதால் சில ஆட்டங்களை மட்டும் இழந்தார்கள். அவர்களில் ஒருவரான பால் காலன்தான் 2016-இல் கோப்பையைத் தூக்கிய தலைவர். ஒத்துக்கொண்டவர்கள் சில வாரம் இழந்தார்கள். தாங்கள் தவறு செய்யவில்லை என்று கடைசிவரை நின்றவர்கள் ஒரு முழு சீசனை இழந்தார்கள். தண்டனையைச் சீக்கிரம் ஒப்புக்கொள்கிறவருக்குச் சலுகை தருவது எந்தச் சட்டத்திலும் உண்டு. ஆனால் என்ன எடுத்துக்கொண்டோம் என்று தங்களுக்கே தெரியாதவர்களிடம், எடுத்தோம் என்று ஒத்துக்கொள்ளச் சொல்வது எந்த வகையில் நியாயம்?

2016 நவம்பரில் தடை முடிந்தது. அதே வாரத்தில் வாட்சன் தன் 2012 பிரவுன்லோ பதக்கத்தைத் திருப்பிக் கொடுப்பதாக அறிவித்தார். லீக் ஆணையம் அதை மிட்செலுக்கும் காட்சினுக்கும் வழங்கியது. அதற்குள் லீகின் விதிகள் நிறைய மாறியிருந்தன. ஊசி என்றால் மருத்துவர் வழியாக மட்டும். வீரருக்குத் தரும் ஒவ்வொன்றும் பதிவாக வேண்டும். 2013 ஆகஸ்டிலிருந்து அசாடாவுக்கும் ஆட்களை அழைத்து விசாரிக்கும் அதிகாரம் கிடைத்தது. வாட்சன் 2017-இல் மீண்டும் எசண்டன் சட்டையில் ஆடினார். அந்த ஆண்டு அணி இறுதிச் சுற்றுக்குப் போய் சிட்னியிடம் தோற்றதும் ஓய்வு பெற்றார்.

குற்றம் சாட்டப்பட்ட 34 பேரில் இல்லாத ஒரு இளம் வீரர், கிளப்பை விட்டுப் போன பிறகு எசண்டன் மீது நீதிமன்றம் போனார். அவர் கேட்டது, 2012-இல் தன் உடம்பில் என்ன ஏற்றினீர்கள் என்ற விவரம். அந்தப் பட்டியலைக் கொடுக்கக் கிளப்பிடம் எதுவும் இல்லை.